சதுரங்கத்தில் இந்தியத் தற்காப்பு: ஒரு தொடக்கத்தின் வரலாறு

சதுரங்கப் பலகையிற் காய்களை அணிவகுத்து முடித்தபின் வெள்ளைக்காயினர் செய்யத்தக்க முதல் நகர்வுகள் 20. அவற்றுக்கு விடையாகக் கறுப்புக்காயினர் செய்யத்தக்கனவும் 20. ஆகவே இருவரும் ஒவ்வொரு முறை காய் நகர்த்திய அளவிலேயே 400 நிலைகள் தோன்றிவிடுகின்றன. இரண்டாம் மூன்றாம் நகர்வுகளுக்குச் சென்றால் தொகை மனித எண்ணத்துக்கு அடங்காததாகிவிடும். எனவே ஆட்டத்தின் தொடக்கத்தில் ஒருவன் ஒரு நகர்வைக் கொண்டு மற்றொன்றைத் தள்ளுவது கணக்கினால் அன்று. இனி வரப்போவது யாதென்று அவன் உள்ளத்தே வகுத்துக்கொண்ட திட்டத்தினாலேயாம். வள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். சதுரங்கத் தொடக்கத்திலும் நிறுத்துப் பார்க்க வேண்டியவை இம்மூன்றுமே. ஆயின் இவற்றுள் எதற்கு எவ்வளவு நிறை என்பதிலேதான் காலந்தோறும் கருத்து வேறுபட்டு வந்திருக்கின்றது. அவ்வேறுபாட்டைக் காட்டுதற்கு, ‘இந்தியத் தற்காப்பு’ என்று இன்று உலகெங்கும் வழங்கும் தொடக்கத்தின் வரலாற்றினும் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது.

பலகையின் நடுவிலுள்ள நான்கு கட்டங்களே மையம் எனப்படும். அதன் பெருமை வெறும் மரபன்று. மூலையில் நிற்கும் குதிரை இரண்டு கட்டங்களுக்கே பாயவல்லது. மையத்தில் நின்றால் எட்டுக்குப் பாயும். மூலைவிட்டமாகச் செல்லும் மந்திரி மூலையில் நின்று 7 கட்டங்களை ஆள்கின்றது. மையத்தில் நின்று 13 கட்டங்களை ஆள்கின்றது. ஆகவே மையத்தைத் தன் காலாட்களாற் பற்றிக்கொண்டவன் தன் பெருங்காய்களுக்கு வழியையும் பகைவனுக்கு நெருக்கடியையும் உண்டாக்குகின்றான் என்பது தெளிவு. பிரெஞ்சு நாட்டு இசைவல்லுநரும் சதுரங்க மேதையுமான பிலிடோர் 1749இல் வெளியிட்ட நூலிற் காலாட்களின் அணியே ஆட்டத்தின் உயிர் என்ற கொள்கையை நிலைநாட்டினார். அதன்பின் ஏறக்குறைய நூற்றெழுபது ஆண்டுகள், மையத்தைக் காலாட்களால் நிரப்புதல் நன்று, பகைவனுக்கு விட்டுக்கொடுத்தல் தீது என்பதே ஐரோப்பிய ஆசிரியர் பெரும்பாலோரின் துணிபாயிற்று.

ஐரோப்பியர் ஆடிய ஆட்டம் இந்தியாவில் எழுந்ததேயாயினும், அவர் கையில் அது பெரிதும் மாறியிருந்தது. இந்தியாவினின்று பாரசீகத்துக்கும், அங்கிருந்து அரபு நாடுகளுக்கும், அவற்றின் வழியே ஐரோப்பாவுக்கும் சென்ற சதுரங்கத்தில், அரசனை அடுத்து நின்ற காய் மூலைவாட்டில் ஒரு கட்டமே செல்லும். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயினிலும் இத்தாலியிலும் அக்காய் எத்திசையும் தடையின்றிச் செல்லும் இராணியாயிற்று. மந்திரியும் மூலைவிட்டம் முழுவதும் செல்லும் ஆற்றல் பெற்றது. காலாள் முதன்முறை இரண்டு கட்டம் பாய்தலும், அரசனைக் காக்கக் கோட்டை கட்டுதலும் ஐரோப்பிய ஆட்டத்தில் நிலைத்த வழக்கங்கள். இந்தியாவில் இடந்தோறும் விதி வேறுபட்டதாயினும், காலாள் எப்பொழுதும் ஒரு கட்டமே செல்லும் என்பது பரவலாக நின்ற வழக்கு. இவ்வொரு வேறுபாட்டின் விளைவு பெரிது. காலாட்கள் மெல்லச் செல்லும் ஆட்டத்தில் மையத்தில் உடனடி மோதல் நிகழாது. இரு படைகளும் தத்தம் எல்லைக்குள் நின்று அணிவகுத்த பின்னரே போர் தொடங்கும். அத்தகைய ஆட்டத்திற் பயின்றவனுக்கு, குதிரையின் கோட்டிலுள்ள காலாளை ஒரு கட்டம் தள்ளி, வெறுமையான இடத்தில் மந்திரியை அமர்த்தி, நெடுமூலைவிட்டத்தைத் தூரத்தினின்று நோக்கியிருத்தல் இயல்பான செயலாகும். ஐரோப்பியர் கண்ணுக்கோ அது காலத்தை வீணாக்குதலாகத் தோன்றிற்று.

இவ்விரு மரபுகளும் நேருக்குநேர் சந்தித்த இடம் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்த கல்கத்தா. அங்கே வழக்கறிஞராகத் தொழில் புரிந்த ஜோன் கொக்ரேன் என்னும் ஸ்கொத்லாந்தியர் சாதாரண ஆட்டக்காரர் அல்லர். 1822இல் சதுரங்கம் பற்றி ஒரு நூலை வெளியிட்டவர். பாரிஸ் நகரின் முதல்வர்களோடும் இலண்டனில் ஸ்ரோண்டனோடும் ஆடியவர். வங்க நாட்டுப்புறத்திலே தோல்வி காணாத அந்தணர் ஒருவர் இருக்கிறார் என்று கேள்வியுற்று அவரைத் தேடிக் கண்டார் என்பது வரலாறு. அவ்வந்தணரே மகேசசந்திர பானர்ஜி. ஆங்கில ஏடுகள் அவர் பெயரை மொஹெஸ்சந்தர் எனச் சிதைத்து எழுதின. கல்கத்தாச் சதுரங்கக் கழகத்தில் ஊதியம் பெற்று ஆடுபவராக அவர் அமர்ந்தார். கொக்ரேனுக்கும் அவருக்கும் நிகழ்ந்த ஆட்டங்களிற் பெருந்தொகையானவை எழுதி வைக்கப்பட்டு இன்றும் கிடைக்கின்றன. இந்திய ஆட்டக்காரர் ஒருவரின் எண்ணப் போக்கை நகர்வு நகர்வாகக் காட்டும் முதற் பெருந்தொகுதி இதுவெனலாம். தம் எதிரியின் ஆட்டங்களைப் பேணி வைத்த கொக்ரேனின் பெருந்தன்மைக்கு வரலாறு கடப்பாடுடையது.

1855ஆம் ஆண்டு மே மாதத்தில் நிகழ்ந்த ஆட்டமொன்று கூர்ந்து நோக்கத்தக்கது. வெள்ளையை ஆடிய கொக்ரேன் இராணியின் முன்னின்ற காலாளை இரண்டு கட்டம் செலுத்தினார். மகேசசந்திரர் அரசன் பக்கக் குதிரையை வெளிக்கொணர்ந்தார். கொக்ரேன் இராணிப்பக்க மந்திரியின் காலாளையும் இரண்டு கட்டம் செலுத்தி மையத்துக்கு வலுச் சேர்த்தார். மகேசசந்திரர் அரசன் பக்கக் குதிரைக் காலாளை ஒரு கட்டமே தள்ளினார். வெள்ளை இராணிப்பக்கக் குதிரையை எடுத்தது. இம்மூன்றாம் நகர்விலே கறுப்பு தன் இராணிக் காலாளை இரண்டு கட்டம் செலுத்தி வெள்ளையின் மையத்தை நேரே முட்டிற்று. பின்னர் மந்திரி தன் நெடுமூலைவிட்டத்தில் அமர்ந்தது, கோட்டை கட்டப்பட்டது. ஆறாம் நகர்வில் வெள்ளை காலாளை வெட்ட, கறுப்புக் குதிரை திருப்பி வெட்டியது. அடுத்த நகர்விலே அக்குதிரை வெள்ளைக் குதிரையோடு தன்னை மாற்றிக்கொண்டது. அம்மாற்றத்தால் வெள்ளையின் மையத்துக்கு இன்னுமொரு காலாள் துணையாய் வந்து சேர்ந்தது. எட்டாம் நகர்வில் மகேசசந்திரர் தம் இராணிப்பக்க மந்திரியின் காலாளை இரண்டு கட்டம் செலுத்தி அம்மையத்தைப் பக்கவாட்டினின்று தாக்கினார். பின்னர் காலாட்களை மாற்றிக்கொண்டு, குதிரையை இராணிப்பக்கத்தே நிறுத்தி, மற்றை மந்திரியால் வெள்ளையின் அரசன் பக்கக் குதிரையை நெருக்கினார்.

இந்நகர்வுகளின் தொடர்பை ஆராய்வார்க்கு ஒன்று புலனாகும். மந்திரியைப் பக்கத்தே அமர்த்தியது பழக்கத்தால் நிகழ்ந்திருத்தல் கூடும். இந்திய விதிப்படி பயின்ற கை தானாகவே அதனைச் செய்யும். ஆனால் தன் குதிரையைக் கொடுத்து, வெள்ளையின் மையத்துக்குத் துணைக் காலாளை வரவழைத்து, உடனே அம்மையத்தின் அடியைத் தாக்கியதைப் பழக்கம் என்று கூறிவிட முடியாது. காலாளை முதலில் இரண்டு கட்டம் செலுத்துதல் அவர் பயின்ற இந்திய ஆட்டத்தில் இல்லாத செயல். ஐரோப்பிய விதியினின்று அவர் கற்றுக்கொண்டது. அதனை இருமுறையும், மையத்தைத் தாக்குதற்கென்றே அவர் பயன்படுத்தினார். இரு மரபுகளையும் இணைத்து ஒரு திட்டம் வகுத்தார் என்றே கொள்ளுதல் வேண்டும். தூரத்தே அமர்ந்த மந்திரி, குதிரைக் குறி, பக்கக் காலாளின் தாக்குதல் ஆகிய மூன்றும் வெள்ளையின் ஒரே இராணிக் காலாளை நோக்கியே குவிகின்றன. மையத்தைத் தான் பற்றாமல், பற்றியவனைக் காவற்காரனாக்கி அவன் காவலையே பாரமாக்குதல் இத்திட்டத்தின் உட்கிடை.

எனினும் ஆட்டத்தை வென்றவர் கொக்ரேன். பதினான்காம் நகர்வில் மகேசசந்திரர் அரசனை அடுத்து நின்ற கோட்டையை அப்பால் நகர்த்தியதால் அரசனை ஒட்டிய மந்திரிக் காலாளுக்கு அரசன் ஒருவனே காவலானான். வெள்ளை இராணி அதனை முன்னரே குறிவைத்திருந்தது. பதினேழாம் நகர்விற் குதிரை பாய்ந்தது. பதினெட்டிற் காலாள் வீழ்ந்தது. அவ்வேளை மகேசசந்திரர் தம் குதிரையால் இராணியைத் தாக்கினார். கொக்ரேனோ குதிரையாலும் இராணியாலும் ஒருங்கே அரசனை முற்றுகையிட்டு, பின் இராணியையே பலியிட்டு, தன் காய்களாலேயே நெருக்குண்டு நின்ற அரசனுக்குக் குதிரையால் இறுதி முற்றுகை வைத்தார். அழகிய முடிவு; படித்தவர் நினைவில் நின்றதும் அம்முடிவே. தோற்றவனுடைய தொடக்கம் நன்றாக இருந்ததா என்று ஆராய எவரும் முற்படவில்லை. கறுப்பு தோற்றது பதினான்காம் நகர்வுக்குப் பின்னரேயன்றித் தொடக்கத்தால் அன்று. அக்காலத்து ஐரோப்பிய நூல்கள் இத்தகைய தொடக்கங்களை ஒழுங்கில்லாதவை என்ற தலைப்பின்கீழ் ஒதுக்கிவைத்தன.

அவ்வொதுக்குதலுக்கு முழு இலக்கணம் வகுத்தவர் ஜேர்மனியின் நியூரன்பேர்க் நகர வைத்தியர் சீக்பெர்ட் தராஷ். 1862இற் பிறந்த அவர் சிறந்த ஆட்டக்காரர்; அதனினும் சிறந்த ஆசிரியர். ஐரோப்பாவின் ஒரு தலைமுறைக்கே சதுரங்கம் கற்பித்தவை அவருடைய நூல்கள். நெருக்கடியான நிலையிலேயே தோல்வியின் வித்து இருக்கிறது என்பது அவர் கொள்கை. கொள்கையிற் பிழையில்லை, அதனை விதிவிலக்கற்ற சட்டமாக்கியதே பிழை. மாணவனுக்கு நல்வழி காட்டும் விதி, ஆசிரியனுக்குக் கண்மூடியாகிவிடுதல் சதுரங்கத்துக்கு மட்டும் உரியதன்று.

எதிர்ப்பு ரீகாவிற் பிறந்த ஆரன் நிம்சோவிச்சிடமிருந்து வந்தது. 1913இல் அவர் வியன்னாச் சதுரங்க ஏட்டில் தராஷின் கொள்கைகளைக் கண்டித்து எழுதினார். மையத்தில் காலாட்களை நிறுத்துதல் வேறு, மையத்தை ஆளுதல் வேறு. தூரத்தே நிற்கும் காய்களாலும் அதனை ஆளலாம் என்பது அவர் வாதம். அடுத்த ஆண்டே சென் பீற்றர்ஸ்பேர்க் போட்டியில் தராஷ் இரண்டு மந்திரிகளையும் பலியிட்டு நிம்சோவிச்சைப் புகழ்பெற்ற முறையில் வென்றார். பலகையின் தீர்ப்பு ஆசிரியர் பக்கமே நின்றதென உலகம் எண்ணியிருக்கும். ஆயினும் முதலாம் உலகப் போருக்குப் பின்னர், 28 வயதிலேயே 1921இல் மறைந்த ஹங்கேரியர் பிரேயர், ரிச்சர்ட் ரேட்டி, தார்த்தகோவர், நிம்சோவிச் முதலியோர் புதுக்கொள்கையினராய் ஓங்கினர். 1924இல் நியூயோர்க்கிலே ரேட்டி, மந்திரிகளை இருபக்கமும் அமர்த்தி, எட்டு ஆண்டுகளாகத் தோல்வியறியாத கப்பபிளாங்காவை வென்றபொழுது பழைய கொள்கையினர் வாயடைத்தனர்.

இவர்களுள் வியன்னாவைச் சேர்ந்த ஏர்ண்ஸ்ட் கிரியூன்பெல்ட் 1922இல் கையாண்ட தற்காப்பு, 67 ஆண்டுகளுக்கு முன் மகேசசந்திரர் கல்கத்தாவில் ஆடியதேயாகும். அவ்வாண்டு வியன்னாவில் அதே தற்காப்பைக் கொண்டு பிற்காலத்தில் உலக முதல்வரான அலேகினை அவர் வென்றார். தொடக்கம் ‘கிரியூன்பெல்ட் தற்காப்பு’ எனப் பெயர் பெற்றது. அதன் உறவுத் தொடக்கங்கள் யாவும் ‘இந்தியத் தற்காப்புகள்’ என்னும் பொதுப்பெயர் பெற்றன. நாட்டின் பெயர் நிலைத்தது; ஆடியவன் பெயர் நிலைக்கவில்லை.

இதனை அநீதி என்று ஒரே சொல்லில் முடித்துவிடுதல் வரலாற்று நேர்மையாகாது. கொக்ரேன் 1855இல் மையத்தை முழுவதும் நிரப்பவில்லை. அரசனின் காலாளை அவர் ஒரு கட்டமே நகர்த்தினார். ஆகவே அத்தற்காப்பின் கடுஞ்சோதனை அன்று நிகழவில்லை. அலேகினோ காலாட்களை மாற்றி, அரசனின் காலாளையும் இரண்டு கட்டம் செலுத்தி, மையம் முழுவதையும் எடுத்துக்கொண்டார். அந்தப் பெருமையத்தின்மேல் அதே திட்டத்தைச் செயற்படுத்தி வென்ற துணிவு கிரியூன்பெல்டுடையது. திட்டத்தைக் கண்டவர் ஒருவர். அதன் முழு விலையைக் கொடுத்துப் பார்த்தவர் மற்றொருவர். இரு பெயர்களும் சேர்ந்து வழங்கியிருப்பின் முறையாயிருந்திருக்கும்.

பஞ்சாப்பில் வளர்ந்து இந்திய விதிப்படி ஆடிப் பழகிய மீர் சுல்தான் கான் 1929இல் இங்கிலாந்து சென்று, அவ்வாண்டிலும் 1932, 1933ஆம் ஆண்டுகளிலும் பிரித்தானிய முதல்வரானார். 1930-31இல் ஹேஸ்டிங்ஸ் போட்டியிற் கப்பபிளாங்காவையும் வென்றார். ஐரோப்பியத் தொடக்க நூல்களின் பயிற்சி அவருக்குக் குறைவு. தொடக்கத்தில் இழந்ததை நடுவிலும் முடிவிலும் அவர் மீட்டார். 1966இல் மறைந்த அவருக்கு ‘கிராண்ட்மாஸ்டர்’ என்னும் பட்டம் 2024இலேதான் வழங்கப்பட்டது.

இந்தியத் தற்காப்பின் மற்றொரு கிளை ‘அரசன் பக்க இந்தியத் தற்காப்பு’. இதிலே கறுப்பு மூன்றாம் நகர்வில் மையத்தை முட்டாது. இராணிக் காலாளை ஒரு கட்டமே நகர்த்தி, வெள்ளை விரும்பிய மையத்தை எல்லாம் எடுத்துக்கொள்ள விட்டுப் பொறுத்திருக்கும். மகேசசந்திரர் இதனையும் ஆடியிருக்கிறார். 1930களின் பிற்பகுதியிலும் 1940களிலும் இதனை ஆராய்ந்து உயிர்ப்பித்தவர்கள் உக்ரேனின் கீவ் நகரோடு தொடர்புடைய கொன்ஸ்தாந்தினோபொல்ஸ்கி, பொலெஸ்லாவ்ஸ்கி, புரொன்ஸ்டீன் ஆகியோர். அவர்கள் கண்ட உண்மை வியப்புக்குரியது. மையத்திற் காலாட்களை மாற்றிக்கொண்டால் கறுப்பின் இராணிக் காலாள் துணையின்றிப் பின்தங்கி நிற்கும். பழைய நூல்கள் அதனைத் தீராக் குறை என்று எழுதும். இவர்களோ, அக்குறையைத் தாக்குதற்கு வெள்ளை எத்தனை காய்களைச் செலவிட வேண்டும், அவ்வளவில் கறுப்பு என்ன பெறும் என்று கணக்கிட்டனர். கோட்டைக்குத் திறந்த வழி, குதிரைக்கு உறுதியான இருக்கை, மந்திரிக்கு நெடுமூலைவிட்டம் ஆகியன ஒரு மெலிந்த காலாளின் விலையாகக் கிடைக்குமாயின் அவ்விலை மிகுதியன்று எனத் துணிந்தனர். 1946இல் பிராக் நகரத்துக்கும் மொஸ்கோவுக்கும் நடந்த போட்டியிற் புரொன்ஸ்டீன், ஸீத்தா, பாக்மன் என்னும் இருவரையும் இவ்வழியால் வென்றபின் ஐயம் நீங்கிற்று.

திட்டங்களை நிறுத்துப் பார்க்கும் முறைக்கு 1953ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்று நற்சான்று. ஆர்ஜென்ரீனாவின் மார் டெல் பிளாட்டா நகரில் நைடோர்ப் வெள்ளையாகவும் யூகோசிலாவியர் கிளிகோரிச் கறுப்பாகவும் ஆடினர். வெள்ளை மையத்தைப் பூட்டி, இராணிப் பக்கத்தே முன்னேறியது. கறுப்பு அதனைத் தடுக்கவே முயலாமல், அரசன் பக்கக் காலாட்களை வெள்ளை அரசனை நோக்கி அணியணியாய்ச் செலுத்தியது. ஒருவர் காலாட்களை வெல்ல முயல, மற்றவர் அரசனையே வெல்ல முயன்றார். ஓட்டப் பந்தயத்தில் ஒரு நகர்வு பிந்தியவர் வீழ்வார். வென்றவர் கிளிகோரிச். தோற்ற நைடோர்ப் தம் தோல்விக்கு வருந்தியிருந்துவிடவில்லை. அதே ஆண்டு சூரிச் நகரத்துப் போட்டியில் கறுப்புக்காய்களை எடுத்து அதே திட்டத்தால் ரைமானொவை வென்றார். கல்கத்தாவில் நிகழாத ஒன்று இங்கே நிகழ்ந்தது. ஆட்டத்தின் முடிவையும் தொடக்கத்தின் தகுதியையும் வேறுபடுத்திப் பார்க்க ஆட்டக்காரர் கற்றிருந்தனர்.

அத்திட்டமும் இறுதித் தீர்ப்பாகவில்லை. 1990களில் உருசியர் கிராம்னிக், இராணிப்பக்கக் குதிரைக் காலாளை இரண்டு கட்டம் ஒரேயடியாய்ச் செலுத்தி வெள்ளையின் ஓட்டத்தை விரைவுபடுத்தினார். இத்தற்காப்பின் பெருவீரரான கஸ்பரோவ், அப்பத்தாண்டின் பிற்பகுதியிற் கிராம்னிக்கிடம் தோற்றபின் இதனைக் கைவிட்டார். இக்காலக் கணினிகள் அரசன் பக்க இந்தியத் தற்காப்பில் வெள்ளைக்குக் குறிப்பிடத்தக்க மேன்மை கூறுகின்றன. மையத்தை உடனே முட்டும் கிரியூன்பெல்ட் தற்காப்பையோ பெரிதும் சமநிலைக்கு அண்மையில் வைக்கின்றன. மனிதர் இரண்டு தலைமுறைகளாக வாதாடிய ஒன்றுக்குப் பொறி கூறும் விடை, 1855இல் மகேசசந்திரர் மூன்றாம் நகர்விற் தெரிந்தெடுத்த வழியின் பக்கமே சாய்கின்றது.

2010ஆம் ஆண்டு ஏப்பிரல் 24ஆந் திகதி பல்கேரியாவின் தலைநகர் சோபியாவில் உலக முதன்மைக்கான போட்டியின் முதலாவது ஆட்டம் நிகழ்ந்தது. வெள்ளை ஆடியவர் அந்நாட்டவரான டோபலோவ். கறுப்பு ஆடியவர் மயிலாடுதுறையிற் பிறந்து சென்னையில் வளர்ந்த விசுவநாதன் ஆனந்த். அவர் தெரிந்தெடுத்தது கிரியூன்பெல்ட் தற்காப்பு. குதிரைகள் மாறின, வெள்ளையின் பெருமையம் எழுந்தது, பக்கக் காலாள் அதனைத் தாக்கிற்று. எல்லாம் ஆயத்தப்படியே சென்றன. ஆனால் 23ஆம் நகர்வில் ஆனந்த் தாம் ஆயத்தம் செய்திருந்த வரிசையை மாற்றி அரசனை முன்னதாகவே நகர்த்திவிட்டார். அடுத்த நகர்விலேயே டோபலோவ் குதிரையைப் பலியிட்டு அவ்வரசனை வெளியே இழுத்தார். 30 நகர்வுகளில் ஆனந்த் தோல்வியை ஒப்புக்கொண்டார். தொடக்கத்தில் ஒரு குறையுமின்றிப் பின்னர் அரசன் காவலிலே ஒரு சிறு பிழையால் தோற்றல், மகேசசந்திரருக்கு 155 ஆண்டுகளுக்கு முன் நேர்ந்ததே. இம்முறை எவரும் தற்காப்பைப் பழிக்கவில்லை. ஆனந்த் அப்போட்டியை 6½க்கு 5½ என வென்று முதன்மையைக் காத்துக்கொண்டார். 2012இல் மொஸ்கோவில் அவரை எதிர்த்துக் கறுப்புக்காய்களோடு முதலாவது ஆட்டத்துக்கு அமர்ந்த இஸ்ரேலியர் கெல்பாண்ட் எடுத்துக்கொண்டதும் அதே தற்காப்பு. அவ்வாட்டம் 24 நகர்வுகளிற் சமநிலையில் முடிந்தது.